மறைக்குது... உட்காருங்க!

"அந்தப் பொண்ணுக்குக் கொஞ்சம் தலைக்கனம் ஜாஸ்திங்க. காலையில இருந்து கூப்பிட்டுட்டே இருக்கறேன்... போனை எடுக்கவே மாட்டேங்குது!"

சொன்னவர் வேலுச்சாமி. ஊட்டியில் எங்கள் 'மலைச்சாரல் திரைக்கழக'த்தின் தலைவர். பெயின்ட் கடை வைத்திருக்கிறார். அவர் அப்பா காலத்தில் கோயமுத்தூரிலிருந்து மலையேறி வந்த குடும்பம். தங்கமான மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்... ஏனென்றால் இனிமேல் வரப்போவதைப் படித்தால் உங்களுக்கு அதில் சந்தேகம் வரலாம்.

"எந்தப் பொண்ணுங்க?" என்று கேட்டேன்.

"அதானுங்க, நம்ம விழாவுக்குப் படம் குடுக்கறாங்களே... டைரக்டர் ஜான்சி. நடுவட்டத்துப் பொண்ணு."

"வேலுச்சாமி, அவங்களுக்குக் காது கேக்காதுங்க."

"அது தெரியுமுங்க! அதுக்குத்தானே, என்னென்ன வசதி பண்ணிக் குடுக்கோணும்னு கேக்கறதுக்கு போன் போட்டுட்டு இருக்கறேன்!"

நான் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தேன். அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை, நிஜமான அக்கறை. காது கேட்காதவருக்கு என்ன உதவி வேண்டும் என்று போனில் கேட்கத் துடிக்கிற மனசு எத்தனை பேருக்கு வரும், சொல்லுங்கள்?

வாராவாரம் இந்தப் பக்கத்துக்கு வருகிற உங்களுக்குத் தெரியும் — விழா என்றாலே எனக்கு ஒவ்வாமை. பொன்னாடை, பூங்கொத்து, 'நேரமின்மை காரணமாகச் சுருக்கமாக' என்று ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசுகிறவர்கள்... ஆனாலும் இந்த விழாவின் கமிட்டியில் நானும் ஒரு மெம்பர். எப்படி என்று கேட்காதீர்கள். வேலுச்சாமி கேட்டால் மறுக்க முடியாது. மறுத்தால் மறுபடியும் கேட்பார், அவ்வளவுதான்.

ஜான்சியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நடுவட்டத்தில் ஒரு தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவர். பிறந்ததிலிருந்தே காது கேட்காது. கோவையில் காது கேளாதோர் பள்ளியில் படித்தார். பிறகு ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவில் எடிட்டிங் கற்றுக்கொண்டார். 'அந்த மைக் செட் பாட்டையெல்லாம் கேட்காமலேயே கல்யாண வீடியோ எடிட் பண்ணினது நான் மட்டும்தான்' என்று அவரே சொல்லிச் சிரிப்பார். இப்போது சொந்தமாக டாக்குமென்டரி எடுக்கிறார். விழாவுக்கு அவர் கொடுத்த படத்தின் பெயர் 'எதிரில் யானை'.

படம் எதைப் பற்றி? ஊட்டி–கூடலூர் ரோட்டில் பஸ்ஸில் போனவர்கள் கவனித்திருப்பீர்கள். எதிரில் வருகிற பஸ்ஸின் டிரைவர் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என்னவோ செய்துவிட்டுப் போவார். மூக்குக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டு ஆட்டினால், கீழே யானை நிற்கிறது. உள்ளங்கையைக் கவிழ்த்து அழுத்தினால், மண் சரிந்திருக்கிறது, மெல்லப் போ. தோளில் இரண்டு விரலால் தட்டினால்... வளைவுக்கு அந்தப் பக்கம் போலீஸ் நிற்கிறது, பெல்ட்டை மாட்டு! மூடுபனியில், ஏற்றத்தில் முனகுகிற இன்ஜின் சத்தத்தில், வாயால் கத்தினால் யாருக்குக் கேட்கும்? அதனால் இந்த மலையில் டிரைவர்கள் எல்லோரும் கையால்தான் பேசிக்கொள்கிறார்கள்.

நாம் எல்லோரும் பார்த்ததுதான். பார்த்துவிட்டுத் தூங்கிப்போனோம். அதைப் படமாக எடுக்க வேண்டும் என்று தோன்றியது ஜான்சிக்கு மட்டும்தான். சின்ன வயதில் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி வந்து நின்றால், பஸ் டிரைவர்களும் தன்னைப் போலத்தான், அவர்களுக்கும் காது கேட்காது என்று நினைத்துக்கொள்வாராம். ஊரில் தன் ஆட்கள் இத்தனை பேர் இருக்கிறார்களே என்று அவ்வளவு சந்தோஷமாம்.

சரி, கமிட்டிக்கு வருவோம்.

'அனைவருக்கும் சினிமா' என்று விழாவுக்குப் பெயர் வைத்தாயிற்று. அனைவரும் வர வேண்டுமென்றால் வசதி செய்ய வேண்டுமே? அதற்கு ஒரு துணைக் கமிட்டி. அதில் கண் தெரியாதவர் ஒருவர்கூட இல்லை, சக்கர நாற்காலியில் வருகிறவர் இல்லை, காது கேளாதவர் இல்லை. எங்களிடம் குறை என்று பார்த்தால் எனக்குச் சர்க்கரை, வேலுச்சாமிக்கு மூட்டுவலி. 'டைரக்டரையாவது கூப்பிட்டுப் பேசுவோம்' என்று நான் நச்சரித்ததில், ஆன்லைனில் ஒரு மீட்டிங் போட்டார்கள். ஜான்சி வந்தார். கூடவே, மீட்டிங்கில் பேசுவதையெல்லாம் சைகையில் சொல்ல மொழிபெயர்ப்பாளர் ஷீபாவும் வந்தார். ஷீபா கூடலூர்ப் பெண். அம்மா, அப்பா இருவருக்கும் காது கேட்காது. பேச்சு வருவதற்கு முன்பே சைகை வந்துவிட்டதாம்.

மீட்டிங் ஆரம்பித்த உடனே வேலுச்சாமி சொன்னார்: "ஏனுங்க, நம்ம மலையில சிக்னல் வீக்குங்க. எல்லாரும் கேமராவை ஆஃப் பண்ணிப்போடுங்க. பேச்சு மட்டும் தெளிவாக் கேட்டாப் போதும்."

எல்லோரும் ஆஃப் பண்ணினார்கள். பெரியவர் சொல்கிறாரே என்று ஷீபாவும் ஆஃப் பண்ண வேண்டியதாயிற்று. ஜான்சி அந்த மீட்டிங் முழுக்கக் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடுவில் சாட்டில் டைப் செய்தார்: 'எல்லாரும் இருக்கீங்களா?' அதை யாரும் படிக்கவில்லை. நானே மீட்டிங் முடிந்த பிறகுதான் பார்த்தேன். கடைசியில் வேலுச்சாமி சந்தோஷமாக முடித்து வைத்தார்: "டைரக்டரம்மா மறுப்பு எதுவும் சொல்லலை. எல்லாமே ஒருமனதா நிறைவேறிருச்சுங்க!"

அன்று மாலை ஜான்சி எனக்கு வாட்ஸ்அப்பில் எழுதினார். கோபமெல்லாம் இல்லை, வேலை விஷயம். படத்துக்கு இரண்டு ஃபைல் தருகிறாராம். ஒன்றில் கீழே தமிழ் எழுத்து ஓடும், ஓரத்தில் சின்னக் கட்டத்தில் ஒருவர் சைகை மொழியில் சொல்லுவார். இன்னொன்று எதுவுமில்லாத வெறும் படம். வேறு மொழிக்காரர்கள் தங்கள் மொழியில் எழுத்துப் போட்டுக்கொள்வதற்கு. 'எழுத்து உள்ள ஃபைலைத்தான் போடணும். மேடையில் யார் பேசினாலும் ஷீபா மேல் ஒரு லைட் எரியணும். வேறு எதுவும் வேண்டாம். பொன்னாடைகூட வேண்டாம்.'

தமிழ்ப் படம்தானே, எழுத்து அத்தனை முக்கியமா என்று கேட்டுவைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து நீளமாகப் பதில் வந்தது.

'சின்ன வயசுல பக்கத்து வீட்டில் டிவி பார்ப்போம் சார். எல்லாரும் சிரிப்பாங்க. நான் அக்காவைத் தட்டி என்னன்னு கேட்பேன். அப்புறம் சொல்றேன்னு சொல்லுவா. உதட்டைப் பார்த்து நான் முதல்முதலாப் படிச்ச வாக்கியம் அதுதான். அந்த அப்புறம் இன்னும் வரலை. எனக்காவது பரவாயில்லை, படிச்சேன், வேலை கிடைச்சது. நடுவட்டத்தில் சிவராஜ் அண்ணன்னு ஒரு டெய்லர் இருக்கார். அவருக்கும் காது கேட்காது. சினிமாப் பைத்தியம். ஊட்டி, கூடலூர்னு எங்கே படம் போட்டாலும் கடையைப் பூட்டிட்டுப் போயிடுவார். ஒரு படத்தோட கதையும் அவருக்குத் தெரியாது. சண்டை புரியும், டான்ஸ் புரியும். ஹீரோயின் அழுதா, எதுக்கு அழறான்னு தெரியாமலே இவரும் அழுதுட்டு வருவார். அவரும் எங்க ஆட்கள் இன்னும் சில பேரும் பஸ் ஏறி வர்றாங்க. சிவராஜ் அண்ணனுக்கு வாழ்க்கையில் ஒரு படமாவது முழுசாப் புரியணும். அதுக்குத்தான் சார் எழுத்து.'

இதைப் படித்துவிட்டு, பத்தி எழுதிப் பிழைக்கிற நான் என்ன பதில் எழுதினேன் தெரியுமா? ஒரு கட்டைவிரல் இமோஜி!

விழா நாள் வந்தது. ஞாயிறு மதியம். துத்தநாகத் தகடு வேய்ந்த பழைய ஹால். வாசலில் ஆளுயர ஃபிளெக்ஸ்: 'குறையை வென்ற நிறைமதியே! மௌனத்தின் மகளே!' ஜான்சி அதை நின்று படித்தார். ஷீபாவிடம் கையால் ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாங்க?" என்று வேலுச்சாமி ஆவலோடு கேட்டார்.

"'காது கேக்காதுன்னு எழுதினாப் போதும், அது வசவு ஒண்ணும் இல்லை'ன்னு சொல்றாங்க சார்."

"ச்சேச்சே! அப்படி அசிங்கமா நாங்க எழுதுவமாங்க!" என்றார் வேலுச்சாமி.

நடுவட்டத்து ஆட்கள் வந்து சேர்ந்தார்கள். சிவராஜை எனக்கு உடனே அடையாளம் தெரிந்தது. கழுத்தில் மஃப்ளர், தானே தைத்த கோட், அதற்குள் இஸ்திரி போட்ட சட்டை. சினிமாவுக்கு என்றே உடுத்திக்கொண்டு வந்திருந்தார். அவர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்பினார்கள். முன்வரிசை நாற்காலிகளில் எல்லாம் வெள்ளைத் துண்டு விரித்து வி.ஐ.பி.க்களுக்கு வைத்திருந்தார்கள். ஷீபாவுக்கு ஒதுக்கிய இடம் மேடையோரத்தில், குரோட்டன்ஸ் தொட்டிக்குப் பின்னால். ஜான்சி கேட்ட ஒற்றை லைட்டும் வந்திருந்தது... ஆனால் அது சிறப்பு விருந்தினர் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. "போட்டோ நல்லா விழுகோணுமில்லீங்க" என்றார் வேலுச்சாமி.

சிறப்பு விருந்தினர் கோவையில் விளம்பரப் படங்கள் எடுக்கிறவர். நகைக்கடை, புடவைக்கடை, பில்டர் — எல்லாம் அவர் கைவண்ணம். கழுத்தில் ஒரு சால்வை, வாயில் கொஞ்சம் இங்கிலீஷ். மைக்கைப் பிடித்தார். "உண்மையில் இவங்கதான் பாக்கியசாலிகள். இந்த உலகத்தோட இரைச்சல் இவங்களுக்கு இல்லை. இவங்க மௌனத்தோட பேசறாங்க... நாம சத்தத்துல தொலைஞ்சுபோயிட்டோம்..." என்று சத்தமாகப் பேசினார், நிறுத்தாமல் பேசினார். குரோட்டன்ஸ் இலைகளுக்கு நடுவே ஷீபாவின் கைகள் அவ்வப்போது தெரிந்தன. கடைசி வரிசையில் பாக்கியசாலிகள் கழுத்தை எக்கி எக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

பிறகு நினைவுப் பரிசு. அழகான பேக்கிங். ஜான்சி மேடையிலேயே பிரித்தார். உள்ளே... ஒரு புளூடூத் ஸ்பீக்கர்!

நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால், ஜான்சி அதை நாலு பக்கமும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஷீபா மைக்கில் சொன்னார்: "'ரொம்ப நன்றி. இதை எந்தப் பக்கமா பார்க்கணும்?'னு கேக்கறாங்க."

ஹாலில் பாதிப் பேர் சிரித்தார்கள். மீதிப் பேர் சிரிக்கலாமா கூடாதா என்று பக்கத்தில் இருந்தவர்களைப் பார்த்தார்கள்.

பரிசு முடிந்ததும் ஜான்சி செய்த முதல் காரியம், கடைசி வரிசைக்குப் போய்த் தன் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்து, வெள்ளைத் துண்டுகளைச் சுருட்டி ஓரமாக வைத்துவிட்டு, முன்வரிசையில் உட்கார வைத்ததுதான். வி.ஐ.பி.க்கள் எப்படியும் வந்திருக்கவில்லை. ஊட்டியில் ஞாயிற்றுக்கிழமை மதியம் எந்த வி.ஐ.பி. வீட்டை விட்டுக் கிளம்புவார்?

விளக்குகளை அணைத்தார்கள். எல்லாவற்றையும். "படம்னா இருட்டா இருக்கோணுமுங்க" என்று வேலுச்சாமி நேரில் நின்று கடைசி டியூப் லைட் வரை அணைத்தார்.

படம் ஆரம்பித்தது. பைக்காரா தாண்டி மூடுபனி. பனிக்குள்ளிருந்து மெதுவாக ஒரு பஸ் வருகிறது. டிரைவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பிக்கிறார். அவர் வீட்டைப் பற்றி, ரோட்டைப் பற்றி, முதன்முதலாக யானையிடம் மாட்டிக்கொண்ட நாளைப் பற்றி... அருமையான காட்சி. ஆனால் கீழே எழுத்து இல்லை. ஓரத்தில் கட்டமும் இல்லை.

வெறும் ஃபைல் ஓடிக்கொண்டிருந்தது!

"என்னங்க இது?" என்று பக்கத்தில் இருந்த வேலுச்சாமியைக் கேட்டேன்.

அவர் நெளிந்தார். "சீஃப் கெஸ்ட் காலையில ரூம்ல படத்தைப் பாத்தாருங்க. 'இத்தனை அழகா எடுத்த படத்துல கீழ எழுத்து ஓடுது, மூலையில ஒரு ஆள் கையை ஆட்டறான்... நியூஸ் பாக்கற மாதிரி இருக்குது. தமிழனுக்குத் தமிழ்ப் படம் காட்டறதுக்கு எதுக்குத் தமிழ்ல எழுத்து?'ன்னுட்டாரு. பெரிய மனுசர் சொல்றப்ப நாம என்னங்க பண்றது? அழகுல கை வெக்கக் கூடாதில்லீங்க?"

"ஜான்சிகிட்ட சொன்னீங்களா?"

"போன் பண்ணினேனுங்க..."

எனக்கு வந்த கோபத்தில் அந்த ஸ்பீக்கரை எடுத்து அவர் தலையில் போட்டிருப்பேன். ஆனால் அதற்குள் முன்வரிசையில் ஓர் அசைவு. திரை வெளிச்சத்தில் சிவராஜ் ஜான்சி பக்கம் திரும்புவது தெரிந்தது. உள்ளங்கையை விரித்து ஆட்டினார். எந்தச் சைகையும் தெரியாத எனக்கே அது புரிந்தது: 'என்ன சொல்றான்?'

ஜான்சி எழுந்தார். நேராக நடந்து போய், நடுவில் ஸ்டூலின் மேல் இருந்த புரொஜெக்டருக்கு முன்னால், திரையைப் பார்த்தபடி நின்றுகொண்டார். பஸ், பனி, டிரைவர் முகம் எல்லாம் அவருடைய ஸ்வெட்டர் முதுகில் ஓட ஆரம்பித்தன.

"மறைக்குதுங்க!" என்று முதல் குரல்.

"உக்காருங்க மேடம்!"

"ஏனுங்க, ஏனுங்க... தலை மறைக்குது!"

பின்னால் ஒருவர் விசிலடித்தார். இன்னொருவர் நாற்காலியைத் தட்டினார். சிறப்பு விருந்தினர் இருந்த இடத்திலிருந்தே 'எக்ஸ்க்யூஸ் மீ' என்றார், பிறகு அதையே உச்சக் குரலில் சொன்னார். மொத்த ஹாலும் ஒரே குரலில் "உக்காருங்க!" என்று கத்தியது. தகடு அதிர்ந்தது என்றே சொல்லலாம். சற்று முன்புதான் மௌனத்தின் மகளுக்குக் கைதட்டிய அதே கூட்டம்!

ஜான்சி அசையவில்லை. அசைய அவருக்கு என்ன காரணம்? அவருக்கு எதுவும் கேட்கவில்லையே! யோசித்துப் பாருங்கள் — நாம் யாரையாவது அடக்க வேண்டுமென்றால் நமக்குத் தெரிந்தது ஒரே வழி, கத்துவது. வீட்டில், ஆபீஸில், ரோட்டில், சட்டசபையில்... எங்கும் அதுதான். அந்த ஒரே வழியும் செல்லாத ஒரு பெண் எங்கள் நடுவே நின்றுகொண்டிருந்தார்.

வேலுச்சாமி மூட்டுவலியோடு ஓடினார். "ஷீபா! ஏம்மா ஷீபா! அவங்களை உக்காரச் சொல்லும்மா!"

குரோட்டன்ஸுக்குப் பின்னாலிருந்து ஷீபாவின் குரல் வந்தது: "இந்த இருட்டில நான் கையை ஆட்டினா அவங்களுக்கு எங்ஙன தெரியும் சாரே? லைட்டு போடணும்."

வேறு வழி? லைட்டைப் போட்டார்கள். "முன்னாடி வாம்மா, அவங்களுக்குத் தெரியற மாதிரி நில்லு" என்று வேலுச்சாமியே தொட்டியை நகர்த்தி வழிவிட்டார். விருந்தினர் முகத்துக்கு அடித்த லைட்டையும் ஷீபா பக்கம் திருப்பினார்கள். ஜான்சி இத்தனை நாளாகக் கேட்டதெல்லாம் அரை நிமிடத்தில் நடந்தது... அவருக்கு உதவுவதற்காக அல்ல, அவரைத் திட்டுவதற்காக!

"எல்லாருக்கும் மறைக்குதுன்னு சொல்லும்மா" என்றார் வேலுச்சாமி.

ஷீபா கையால் சொன்னார். ஜான்சி பார்த்தார். பிறகு ஷீபாவுக்கும் ஹாலுக்கும் கை தெரிகிற மாதிரி பக்கவாட்டில் திரும்பி நின்று, அவசரமில்லாமல் பதில் சொன்னார். ஷீபா அதைக் குரலாக்கினார்:

"'மறைக்குதா? ரெண்டு நிமிசம் மறைச்சதுக்கே இத்தனை கோவமா? எங்களுக்குப் பொறந்ததுல இருந்து மறைக்குது. நாங்க விசில்கூட அடிச்சதில்லை.'"



சிறப்பு விருந்தினர் எழுந்தார். "நோ நோ, நீங்க தப்பா எடுத்துக்கக் கூடாது. ஒரு கலைஞனாச் சொல்றேன். ஃபிரேமோட அழகு கெடுதும்மா. எழுத்து ஓடினா மக்களோட கண்ணு அங்கேயே போயிடும்..."

ஷீபா ஒரு வார்த்தை விடாமல் கையில் சொன்னார். ஜான்சியின் பதில் சின்னது: "'அங்கே போகட்டும்னுதான் சார் போட்டேன்.'"

பிறகு அவர் முன்வரிசையைக் காட்டினார். "'இவங்க பஸ் ஏறி வந்திருக்காங்க. என் படம் இவங்களுக்குப் புரியணும். எழுத்து இருக்கிற ஃபைலைப் போடுங்க, உக்கார்றேன். போடலைன்னா பென்டிரைவைக் குடுங்க, நாங்க போறோம்.'"

சொல்லிவிட்டு மறுபடி திரும்பி, புரொஜெக்டர் முன்னால் பழையபடி நின்றுகொண்டார். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நிமிடம் எனக்குப் பயமாக இருந்தது. நிஜமாகவே கிளம்பிப் போய்விட்டால்? சிவராஜ் வந்தது வந்தபடி, இஸ்திரி போட்ட சட்டை கசங்காமல் திரும்பிப் போய்விட்டால்? வேலுச்சாமி விருந்தினரைப் பார்த்தார், ஜான்சியின் முதுகைப் பார்த்தார், அப்புறம் சிவராஜைப் பார்த்தார். நான் முன்பே சொன்னேன் அல்லவா, தங்கமான மனிதர் என்று?

"அட, எழுத்து இருக்கறதையே போட்டுத் தொலைங்கப்பா!" என்றார் ஆபரேட்டரிடம். விருந்தினர் பக்கம் திரும்பி, "அழகு கொஞ்சம் கொறைஞ்சாப் பரவால்லீங்க சார். நீலகிரியில அதுக்குப் பஞ்சமா?" என்று சமாளித்தார்.

மறுபடி இருட்டு. ஆனால் ஷீபா மேல் அந்த ஒற்றை லைட் மட்டும் எரிந்தது. ஓரத்தில் ஒரு லைட் எரிந்ததால் படம் கெட்டுப்போய்விட்டதா? எனக்குத் தெரிந்து இல்லை.

இந்த முறை எழுத்தோடு பஸ் வந்தது. டிரைவர் பேசப் பேச, கீழே அவர் பேச்சு. மூலையில் அவர் பேச்சு கைகளாக. சிவராஜ் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார். வாய் லேசாகத் திறந்திருந்தது. டிரைவர் தன் மாமியாரைப் பற்றி ஒரு ஜோக் அடித்தபோது முன்வரிசை வெடித்துச் சிரித்தது. எங்களோடு சேர்ந்து, அதே நொடியில். சிவராஜ் பக்கத்து ஆளின் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்தார். அதைப் பார்த்துக்கொண்டிருந்ததில் அடுத்த ஜோக்கை நான் தவறவிட்டேன்.

பாதிப் படத்தில் மழை பிடித்துக்கொண்டது. நீலகிரி மழை, தகடு வேய்ந்த ஹால்... அப்புறம் டிரைவராவது, டயலாக்காவது! பக்கத்து ஆள் காதில் கத்தினாலும் கேட்காது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. எல்லோரும் எழுத்தைப் படித்துக்கொண்டிருந்தார்கள். அழகு கெட்டுவிடும் என்ற விருந்தினர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, ஒரு வரி விடாமல் படித்துக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பார்த்ததை அவரும் பார்த்தார்.

படம் முடிந்தது, மழையும் விட்டது. கேள்வி நேரம். முதலில் விருந்தினர்தான் எழுந்தார், விடுவாரா? "படம் பூரா டிரைவருங்க 'யானை, யானை'ன்னு கையைக் காட்றாங்க. கடைசி வரைக்கும் யானை வரவே இல்லை! அந்த இல்லாமை இருக்கே... அதுதான் கவிதை!" பலத்த கைதட்டல். நானும் தட்டினேன். ஜான்சி மரியாதையாகத் தலையசைத்தார்.

அடுத்து சிவராஜ் எழுந்தார்.

ஹாலின் முகமே மாறிவிட்டது. எல்லோரும் நெகிழ்வதற்குத் தயாரானார்கள். கைபேசிகள் வீடியோ எடுக்க மேலே எழுந்தன. வேலுச்சாமி கைக்குட்டையை எடுத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்தார்: "இப்ப நம்மளை அழ வெச்சுப்போடுவாரு பாருங்க."

சிவராஜின் கைகள் வேகமாக ஓடின. ஷீபா மைக்கை வாயருகே கொண்டுபோனார்... தயங்கினார்.

"சொல்லும்மா" என்றார் வேலுச்சாமி.

"அவர் கேக்கறாரு... 'எதிரில் யானைன்னு பேரு வெச்சிருக்கே. யானை எங்கே?'"

சிவராஜ் நிறுத்தவில்லை.

"'டீக்கடையில டிரைவரும் கண்டக்டரும் லீவைப் பத்திப் பேசிட்டே இருக்காங்க. எதுக்கு அது? வெட்டி எறிஞ்சிருக்கணும். டிரைவர் நல்ல மனுசன்னு முதல் சீன்லயே தெரிஞ்சுபோச்சு. அதையே திருப்பித் திருப்பிச் சொல்றே. ஒரு சண்டை இல்லை. யானை வரும் வரும்னு ஏமாத்திட்டே. மொத்தத்தில...'" ஷீபா ஜான்சியை ஒருமுறை பார்த்தார். "மொத்தத்தில மொக்கைன்னு சொல்றாரு சார்."

கைபேசிகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. "பாவம்... அவருக்குப் புரியலைங்க போல" என்று வேலுச்சாமி முணுமுணுத்தார்.

ஜான்சிக்கு முகம் சிவந்துவிட்டது. மேடையிலிருந்து இறங்கி நேரே சிவராஜ் முன்னால் போய் நின்றார். கைகள் பறந்தன. "'யானைக்காக எத்தனை நாள் அட்டைக்கடியில கிடந்தேன் தெரியுமா? வரலைன்னா நான் என்ன பண்றது? டீக்கடை சீன் எப்படி எடுத்தது தெரியுமா? அதைப் போய் வெட்டச் சொல்றீங்க!'" சிவராஜ் விட்டுக்கொடுப்பதாக இல்லை. இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மற்ற நடுவட்டத்து ஆட்களும் எழுந்து வந்து கட்சி பிரிந்து நின்றார்கள். ஷீபா மைக்கை அணைத்துவிட்டார். "இதுக்கு மேல என்னால முடியாது சாரே. எல்லாரும் ஒண்ணாப் பேசினா யாரைச் சொல்றது?"

ஒரு சத்தமும் இல்லாமல் அந்த ஹாலில் அப்படி ஒரு சண்டை நடந்தது. கூட்டம் கலைந்த பிறகும் நடந்தது. அவர்கள் கூடலூர் பஸ் ஏறப் போகும்போது, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துகொண்டே நடந்தது. வேடிக்கை பார்க்க நானும் பின்னாலேயே போனேன்.

பஸ் படிக்கட்டில் நின்றும்கூட சிவராஜ் கடைசியாக ஒருமுறை, மூக்குக்கு முன்னால் கையைத் தொங்கவிட்டு ஆட்டி, பிறகு இரண்டு கையையும் விரித்தார்: 'யானை எங்கே?' எதிர்ப் பக்கம் நின்ற பஸ்ஸின் டிரைவர் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய் ரோட்டை எட்டிப் பார்த்தார்.

பஸ் போய்விட்டது. ஜான்சி அங்கேயே நின்றுகொண்டிருந்தார். கோபமாக இருக்கிறார் என்று நினைத்து, ஆறுதலாக ஏதாவது எழுதிக் காட்டலாம் என்று போனை எடுத்தேன். அவர் என் கையிலிருந்து அதை வாங்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு டைப் செய்து, என் முகத்துக்கு நேராக நீட்டினார்.

'இத்தனை வருஷத்தில் அவர் எந்தப் படத்தையும் நல்லா இல்லைன்னு சொன்னதே இல்லை, சார். எல்லாமே சூப்பர்னுதான் சொல்லுவார்.'

இந்த முறை இமோஜிகூட அனுப்பத் தோன்றவில்லை.

நமக்குள் இருக்கட்டும்... யானை வந்திருக்கலாம் என்றுதான் எனக்கும் இருந்தது. கைதட்டிய கூட்டத்தில் அதைச் சொல்லத்தான் தைரியம் வரவில்லை.